கிழியாத பேப்பரைத் தேடி

வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குத் துணி வாடிக்கையாளருடையது, மாடல் அவர்கள் போனில் காட்டுவது. சொந்தமென்று சொல்லிக்கொள்ள இருப்பது பேப்பர் கட்டிங் மட்டும்தான். ஒருத்தருடைய அளவைத் தாளில் வரைந்து முன்பக்கம், முதுகு, கை என்று வெட்டி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அதைத் துணிமேல் வைத்து அப்படியே வெட்டிவிடலாம். அந்தத் தாள் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு அந்தச் சங்கடத்தை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்யாணமாகிக் குன்றாண்டார்கோவிலுக்கு வந்து, ஜன்னலோரம் மிஷினைப் போட்ட நாளிலிருந்து நானும் நல்ல தாளுக்காக அலைந்திருக்கிறேன்.

முதுகில் பாதிக் கதை

முதலில் எல்லாரையும் போல நியூஸ் பேப்பர்தான். ஈரக்கை பட்டால் கிழியும், வெளிர் நிறப் பட்டில் வைத்து அழுத்தினால் மை ஒட்டும். ஆனாலும் சும்மா கிடைக்கிறதே.

பக்கத்துத் தெருவில் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் இருந்தார். ஜாக்கெட் வாங்க வந்தால் உடனே போகமாட்டார். ஆணியில் மாட்டியிருக்கும் கட்டிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வெட்டிய ஒரு முதுகுத் துண்டு அவர் கையில் சிக்கியது. அதில் ஒரு சிறுகதை. புருசனோடு சண்டை போட்ட பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். அந்த இடத்தில் என் கத்தரி கழுத்தை வளைத்து வெட்டியிருந்தது. நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் ஆணியில் இருந்த மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, அவ பஸ் ஏறினாளா இல்லையா? மிச்சம் எந்தக் கையில இருக்கு?”

சாந்தி அக்காவின் நடை

அடுத்து, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளுக்கு மாறினேன். கெட்டித்தாள், மை ஒட்டாது, மடித்து வைக்கலாம். இதுதான் முடிவு என்று நிம்மதியாக இருந்தேன்.

கீரனூரில் பேங்க் வேலை பார்த்த சாந்தி அக்காவுக்கு அந்தத் தாளில்தான் அளவு வைத்திருந்தேன். கொஞ்ச காலம் போனதும், “கை பிடிக்குது” என்றார். பிறகு, “மார்புகிட்டயும் பிடிக்குது” என்றார். உடம்பு போட்டுவிட்டதாக அவராகவே நினைத்துக்கொண்டு காலையில் நடக்க ஆரம்பித்தார். மழைநாளில்கூடக் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போவார். ராத்திரிச் சோற்றை விட்டார். முகம் வாடிப் போயிற்று. அப்படியும் அடுத்த ஜாக்கெட் பிடித்தது.

எனக்கே மனசு கேட்கவில்லை. அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பிரித்து, தாள்மேல் வைத்துப் பார்த்தேன். தாள் ஒரு விரல் அளவு உள்ளே நின்றது. துணியோடு சேர்த்து வெட்டும்போதெல்லாம் கத்தரி தாளின் ஓரத்தையும் மயிரிழை மயிரிழையாகச் சீவியிருக்கிறது. அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

“பேப்பர் எளைச்சதுக்கு நான் ஏங்க நடந்தேன்?”

நெஞ்சுப் படம்

கழுத்து டிசைனுக்கு மட்டும் எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி எதுவும் வராது. வளையும், கிழியாது, சாக்பீஸால் கோடு போட்டால் ஓரம் பிசிறாது. வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். மல்லிகா தன் அப்பாவின் நெஞ்சுப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது அவர் தேறி வீட்டுக்கு வந்திருந்தார். “இனி எதுக்குக்கா இது” என்று சிரித்துக்கொண்டுதான் கொடுத்தாள். அதில் ஒரு பானைக் கழுத்து வெட்டி வைத்தேன்.

அதற்கடுத்த வருசம் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து மல்லிகா துணியோடு வந்தாள். மேஜைமேல் கிடந்த ஃபிலிமைப் பார்த்ததும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விலா எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. நடுவில் நான் வெட்டிய பள்ளம். “எடுத்துட்டுப் போறியா மல்லிகா?” என்றேன். அவள் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“வீட்ல பெட்டிக்குள்ளதான் கெடக்கும். இங்கயே இருக்கட்டும்க்கா, எனக்குத் தைக்கிறதெல்லாம் இதை வச்சே வெட்டுங்க.”

தாய்மாமன் மீசை

பிறகு ஃபிளெக்ஸ் காலம் வந்தது. புதுக்கோட்டையில் காதுகுத்து முடிந்த மறுநாள் மண்டப வாசலில் எவ்வளவு ஃபிளெக்ஸ் சுருண்டு கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மீனா தன் நாத்தனார் வீட்டு விசேஷத்து ஃபிளெக்ஸை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. வெயில் நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அது ஒன்றுதான் தொல்லை.

ஒருநாள் மீனாவைக் கூப்பிட்டுப் போக அவள் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். முன்பக்கத் துண்டில் அவருடைய மீசை, கைத் துண்டில் ஒரு கண், பட்டியில் ‘தாய்மாமன்’ என்ற எழுத்து.

“மண்டபத்துல ஒருநாள் நின்னதுக்கே சட்டை கசங்கிப் போச்சு. இங்க வருசம் பூரா நிக்கிறேனே, எனக்கு ஒரு டீயாச்சும் குடுத்தீங்களா?”

சார்ஜா அளவு

இப்போது துணிப்பை தைக்கிற, தாள் மாதிரி இருக்கும் வெள்ளைத் துணியில்தான் வெட்டி வைக்கிறேன். கிழியாது, சுருங்காது, ஒட்டாது. தேடியது கிடைத்துவிட்டது. அதில் முதன்முதலில் வெட்டியது ரேவதியின் அளவு. கல்யாண ஜாக்கெட் தைத்துக்கொண்டு சார்ஜாவுக்குப் போனவள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கிருந்து போன் பண்ணுவாள். “அளவு மாறிருக்காடி?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். “அதே அளவுதான்க்கா” என்பாள். தைத்து அவள் அம்மாவிடம் கொடுப்பேன். அவர் அனுப்பி வைப்பார்.

போன கோடையில் ரேவதி நேரிலேயே வந்தாள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. நான் தைத்து அனுப்பிய எதையும் அவள் போட்டிருக்க முடியாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. டேப்பை எடுத்துப் புதிதாக அளந்தேன். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடிக்கும்போது, “ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தித் தச்சிருப்பேன்ல?” என்று கேட்டேன். அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

“ஊர்ல யாராச்சும் ஒருத்தர்கிட்டயாவது நான் போனப்ப இருந்த மாதிரியே இருக்கணும்னு தோணுச்சுக்கா.”

கிழியாத தாளைக் கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுசு போயிற்று; அதில் வரைந்த அளவிலேயே ஆட்களை நிறுத்தி வைக்க எந்தக் கடையிலும் சாமான் விற்கவில்லை.