டிம்மர் போட்ட சத்தம்

பல் டாக்டர் வீட்டு ஸ்பீக்கரில் ஆறு மாதமாக ஓர் இரைச்சல். கேபிள், ஃபில்டர் என்று எதை மாற்றியும் போகாததால் எலக்ட்ரீஷியன் அக்காவைக் கூப்பிட்டார். இருபது வருடமாகத் தனியாளாக வீடு வீடாகப் போய் ஒயரிங் செய்பவள் அவள். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தாள். மாமியார் அறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை அணைத்ததும் இரைச்சல் சட்டென்று நின்றது.

“இதை மாத்தணும் சார்.”

டாக்டருக்கு வியர்த்தது. “அவங்ககிட்ட யாரு சொல்றது? நீங்களே கேளுங்கக்கா.”

அவள் போய்க் கேட்டாள்.

“கழட்டிப் போடும்மா! அதைத் திருகித் திருகி விரல்தான் வலிக்குது. மாப்பிள்ளை ஆசையா மாட்டினதாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்” என்றார் மாமியார்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாதாரண சுவிட்சை மாட்டினாள். கூடத்தில் டாக்டர் கண்ணை மூடிப் பாட்டில் லயித்திருந்தார். அவள் சொல்லிக்கொண்டு கிளம்பியதுகூட அவர் காதில் விழவில்லை.