பதம் பார்த்த கடலையும் இறங்காத கல்லும்

அடுத்தவர் ஒதுங்கிப்போய் விட்டுவருவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சம்பளம் வாங்குவது எங்கள் லேப் தொழில். எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஒரு டாக்டரிடம் அந்த வேலையில் இருந்தேன். கல்லடைப்பு வந்து தரையில் உருண்டவர்களே, உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு; நானும் இரண்டு தடவை உருண்டவன்.

தென்னைக்குப் போன பங்கு

எருத்தேன்பதியில் நிலக்கடலை போடும் பழனிச்சாமிக் கவுண்டர் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆக்ஸலேட் உப்பு, குட்டிக் குட்டித் தபால் உறைகளாக மின்னியது. எக்ஸ்ரேயில் கல்லும் தெரிந்தது. மூன்று வாரம் பார்ப்போம், தானாக இறங்காவிட்டால் கோயமுத்தூர் போய்க் கிழித்துத்தான் எடுக்கணும் என்றார் டாக்டர். கவுண்டருக்கு முகம் செத்துப்போனது. அவருடைய அண்ணன் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர்.

ஒரு நாள் முழுக்கப் போவதைச் சொட்டு விடாமல் பிடித்துவரப் பெரிய ஜாடி கொடுத்தேன். மறுநாள் அதில் கால்வாசிதான் இருந்தது. இவ்வளவுதான் போகிறதா என்று பதறிவிட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "காட்டுல நிக்கறப்ப ஜாடிக்கு எங்கீங்க ஓடறது? மிச்சமெல்லாம் தென்னைக்குப் போயிருச்சுங்க."

மீசையில் ஒட்டிய தோல்

பசலைக்கீரை, எள், பால் விடாத கட்டஞ்சாயா கூடாது, கடலை கூடவே கூடாது, தண்ணீரும் எலுமிச்சம் சாறும் நிறையக் குடிக்கணும் என்று தாளில் எழுதி, எனக்கும் இதே கல், இதே பத்தியம்தான் என்று சொல்லி அவர் வீட்டம்மா ருக்குமணியிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் உறைகள் முன்னைவிட அதிகம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கடலையைத் தொடவில்லை, மாரியாத்தா மேல் சத்தியம் என்கிறார் மனுஷன். ஆனால் நகக்கண்ணில் மண், மீசையில் ஒரு துணுக்குக் கடலைத் தோல்.

அது கடலை பிடுங்கும் சமயம். செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, பருப்பு முற்றியதா என்று மென்று பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஆள் இறக்கமாட்டார்கள். இவர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பாத்திக்கு நாலு செடி மென்றிருக்கிறார். அது எப்படித் தப்பாகும் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "தின்னாத்தானுங்க தப்பு? நான் பதந்தானுங்க பாத்தேன்."

தீப்பெட்டி

அன்று முதல் மென்று பார்க்கும் வேலையை ருக்குமணி எடுத்துக்கொண்டார். கவுண்டர் வரப்பில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தாராம். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அந்தம்மா மட்டும் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். கவுண்டரைக் காணோமே என்று வாசலுக்கே ஓடினேன்.

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே கம்பு மணி அளவில் ஒரு பழுப்புக் கல். கவுண்டர் விடியற்காலையில் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, துணியில் வடிகட்டிப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறாராம். இனிக் கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. சொல்வதில் வெட்கம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மேஜைமேல் இருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினேன். ருக்குமணி கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், அது கட்டஞ்சாயாதானுங்களே? நீங்களும் பதம் பாக்கறீங்களா?"

மைக்ராஸ்கோப் இல்லாமலே நோயைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் இருந்த ஊரில், எனக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தது அந்த டாக்டரின் பெருந்தன்மைதான்.