பட்டறையில் திறந்த லேப்டாப்

மயிலாடியில் என் கணவருக்குச் சிற்பப் பட்டறை. சிலைகளுக்கான படங்களும் அளவுகளும் என் பழைய லேப்டாப்பில் இருக்கும். அது மிகவும் மெதுவாகிவிட்டதால், நாகர்கோவில் கடையொன்றில் கூடுதல் மெமரி வாங்கி வந்து, பட்டறை மேசையில் வைத்து நானே மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் லேப்டாப்பின் விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

அப்போது கணவர் ஒரு பெரியவரின் முகத்தைப் பாதி செதுக்கியிருந்தார். அவருடைய குடும்பம் தந்த ஒரே படம் லேப்டாப்பில்தான் இருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு, "படம் போச்சா?" என்றார்.

பயத்தில், மெமரி விற்ற பெண்ணுக்குப் போன் செய்து, "கெட்டுப்போன சாமானத்தத் தந்துட்டியே" என்று திட்டினேன்.

"கோவப்படாதீங்கக்கா. லேப்டாப்ப அப்படியே கொண்டு வாங்க, பாப்போம்."

கடையில் அவள் பாட்டரியைக் கழற்றி, மெமரியை எடுத்து, அது பொருந்தும் இடத்தைத் தூரிகையால் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது.

"கல்லுப்பொடியாக்கும். பொறவு எப்படிக்கா பிடிக்கும்?"

மெமரியைச் சாய்வாக நுழைத்து, இரு பக்கக் கொக்கிகளும் பிடிக்கும்வரை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. படமும் இருந்தது.

"நான் பேசினது தப்பு மக்கா" என்றேன்.

"மெமரிய மாத்தினா படம் அழியாதுக்கா. அது வேற எடத்துல இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது லேப்டாப்பின் அடிமூடியைத் திறப்பது வீட்டுக்குள்தான், பாட்டரியைக் கழற்றிய பிறகுதான். படங்களைச் சிடியிலும் எடுத்து வைக்கிறேன். யாரையாவது குறை சொல்லப் போனை எடுக்கும் முன், நான் மாட்டியதை இன்னொரு முறை கழற்றிப் பார்க்கிறேன்.