தட்டைக் கீழே வைத்த அத்தை

எனக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று, அம்மா என் தம்பியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தாள். அவன் போதை மாத்திரைக்கு அடிமையாகியிருந்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தெரியாது.

தட்டு மாற்றும் நேரத்தில் அவனே எழுந்து வந்துவிட்டான். கைகால் உதற, "அக்கா" என்றபடி கூடத்தின் நடுவே விழுந்து வாந்தி எடுத்தான். வந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தார்.

"மறைச்சிட்டோம் அத்தை" என்றேன் அழுதுகொண்டே.

"புள்ளைக்கு ஒடம்பு செரியில்ல. அதுக்கு இன்னாத்துக்கும்மா அழுவுற? ஆட்டோ கூப்புடு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றார். தன் உறவினர்களிடம், "பொண்ணோட தம்பி இல்லாம இன்னா கல்யாணம்? அவன் தேறி வரட்டும், தட்ட அப்பால மாத்திக்கலாம்" என்றார்.

சொன்னபடியே காத்திருந்தார்கள். தம்பி சிகிச்சை முடிந்து திரும்பிய பிறகுதான் எங்கள் கல்யாணம் நடந்தது. இப்போது அவன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலைக்குப் போகிறான்.

நடுவில் ஒருமுறை சறுக்கி, மறுபடி மாத்திரையைத் தொட்டுவிட்டான். அன்று அவன் என்னிடமோ அம்மாவிடமோ சொல்லவில்லை. நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போய் அத்தையிடம் சொல்லியிருக்கிறான். பயப்படாமல் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இருந்தார். அதனால்தான் எனக்கு இன்றும் தம்பி இருக்கிறான்.