மச்சானுடைய கால் அளவுக்கு ஒரு கார்

கனடாவில், ரெக்ஸ்டேலில் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு காரும் வந்தது. கார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கராஜுக்குள் நாலு சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு, சுவரோடு சாத்திவைத்த மஞ்சள் மட்காட்டுகள், நட்டும் போல்ற்றும் நிறைந்த மரப்பெட்டிகள். இவ்வளவுதான். பழைய ஜெர்மன் கார் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து, அதன் மேல் கொம்பனி அனுப்பும் ஃபைபர் கிளாஸ் உடம்பைப் பூட்டினால், முந்திய காலத்துப் பணக்காரர் ஓடித் திரிந்த திறந்த கார் போல ஒன்று கிடைக்குமாம். கிட் கார் என்று அதற்குப் பெயர். வீட்டை விற்ற கிழவர் அதைப் பல வருடம் பூட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் கைவிட்டிருந்தார். இது உங்களுக்கு வேண்டுமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் தலையாட்டிவிட்டார்.

மச்சான் என் மனைவியின் தமையன். எனக்கு மூத்தவர், நெடிய ஆள். எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்து காலூன்றியவர். வீடு இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று பேச்சு, ஆனால் வங்கி அவரைத்தான் நம்பியது. அதனால் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவரும் அவர் குடும்பமும் மேலே. நானும் மனைவியும் நிலத்துக்குக் கீழே, பேஸ்மன்றில்.

பொழுதுபோக்கு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. போக்குவதற்குப் பொழுது எங்கே கிடந்தது? நான் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்தபின் பஸ்ஸில் தூங்கித் தூங்கி வந்து இறங்குவேன். மச்சான் பகலில் தளபாடக் கடையொன்றின் லொறி ஓடினார். ஊருக்கெல்லாம் சோபா சுமந்து முதுகு ஒடிந்து வருகிற மனிதர், மாலையில் கராஜுக்குள் நுழைந்ததும் கலியாணத்துக்கு வெளிக்கிட்டவர் மாதிரி முகம் மலர்ந்து நிற்பார். அந்த முகத்துக்காகத்தான் நானும் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தோம். ஃபைபர் கிளாஸைத் தேய்த்து மழமழப்பாக்குவது என் பங்கு. அந்தத் தூள் உடுப்புக்குள் புகுந்துவிட்டால் எத்தனை தரம் குளித்தாலும் அரிக்கும். சொறிந்துகொண்டே தூங்கினேன். அப்போதும் எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் வேலையால் வந்து பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை பூட்டும் இரும்புத் தண்டை மச்சான் முந்திய மாலை வெட்டி எடுத்து, நன்றாகப் பின்னுக்கு வைத்து ஒட்டியிருந்தார். ஏறி இருந்து பார்த்தேன். என் பெருவிரல் நுனி பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நான் கட்டையன் என்பது எனக்குத் தெரியும். அதை இரும்பில் ஒட்டிக் காட்டியிருக்கத் தேவையில்லை.

அன்று பின்னேரம் அவர் வரும்வரை காத்திருந்து கேட்டேன்.

"என்ன மச்சான் இது? ரெண்டு பேரும் ஓடுற கார் எண்டெல்லோ கதைச்சனாங்கள்?"

அவர் அன்று எங்கோ மூன்றாம் மாடிக்கு அலுமாரி ஏற்றிவிட்டு வந்திருந்தார். கோபம் மூக்கு நுனியில் நின்றது.

"என்ர கராஜுக்குள்ளை நான் எதை வெட்டினால் உமக்கென்ன?"

என்ர கராஜ். அந்தக் கராஜ் வாசலில் பனி வழிப்பது யார் என்று நான் கேட்கவில்லை.  படியிறங்கிக் கீழே போனேன். அதோடு பேச்சு நின்றது.

சண்டை பிடித்திருந்தால் ஒரு கிழமையில் ஆறியிருக்கும். கதையாமல் விடுவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். அதற்குச் செலவில்லை, சத்தமில்லை, ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம். ஒரே வாசலால் போய்வந்தோம். எதிர்ப்பட்டால் அவர் கடிதப்பெட்டியைப் பார்ப்பார், நான் சப்பாத்தைப் பார்ப்பேன்.

நடுவில் அகப்பட்டவள் என் மனைவி. அவள் முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் நாள் முழுக்க நின்று வேலை செய்தாள். வீட்டுக்கு வந்தால் மாடிப்படி.

"அண்ணை ஹீற்றரைக் குறைக்கப் போறாராம்."

"குறைச்சால் கீழை விறைக்கும் எண்டு சொல்லு."

மேலே போவாள். திரும்பி வருவாள். "அப்ப கம்பளி போடட்டாம்." இப்படி ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் இருவருடைய வீம்பையும் அவள் கையில் ஏந்திக்கொண்டு ஏறி இறங்கினாள்.

கார் வேலை மட்டும் நிற்கவில்லை. மாலையில் அவர், காலையில் நான். அவர் இறுக்கியதை நான் கழற்றவில்லை, நான் தேய்த்ததை அவர் கீறவில்லை. அந்த மட்டில் மரியாதை இருந்தது. ஏன் விடாமல் செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் அந்தக் கார் ஓடினால் அவர் வாய் திறப்பார் என்று ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். அல்லது களைத்த மாடு பழகிய பாதையில் போவதுபோல நானும் போயிருக்கலாம்.

ஒரு பின்னேரம் மனைவி வேலை உடுப்போடு கீழே வந்து கட்டிலில் இருந்தாள்.

"அண்ணை வீட்டை விக்கப் போறாராம். அஜக்சிலை புது வீடு பாத்திட்டாராம்."

இந்த நாட்டில் அவளுக்கு இரத்த உறவென்று இருந்தவர் அவர் ஒருவர்தான். தமையனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்றுதான் அவள் பேஸ்மன்ற் இருட்டைப் பொறுத்துக்கொண்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்கள் ஒருக்கால் மேலை போய்க் கதைச்சியளெண்டால் அவர் யோசிப்பார்."

"அவர் வந்து கதைக்கட்டும்."

"அண்ணையும் அதைத்தான் சொன்னவர்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீடு எதிர்பார்த்ததைவிடக் கெதியாக விலைப்பட்டது. வாங்கியவர்கள் கராஜைக் காலியாகக் கேட்டார்கள். காரை எடுத்துக்கொள்ள றிச்மண்ட் ஹில்லில் ஒருவர் சம்மதித்தார். அவருடைய லொறி வீதியோரம்தான் நிற்கும், அதுவரை காரை இறக்கித் தருவது எங்கள் பொறுப்பு. கராஜ் வாசலில் இருந்து வீதிவரை நல்ல சரிவு. பிரேக் இல்லாமல் இறக்கினால் கார் எதிர்வீட்டு வரவேற்பறையில் போய்த்தான் நிற்கும். பிரேக் குழாய்கள் எல்லாம் பூட்டியிருந்தன, ஆனால் உள்ளே காற்று நின்றது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே சக்கரத்தடியில் சின்ன நட்டொன்றைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விட்டுப் பூட்டவேண்டும். பூட்டிய பிறகுதான் காலை எடுக்கலாம். முதலே எடுத்தால் வெளிக்காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

மனைவியை இருக்கையில் ஏற்றிப் பார்த்தேன். அவள் என்னைவிடக் கட்டை. அந்த வீட்டில் அந்தப் பிரேக் எட்டுகிற கால் ஒன்றுதான் இருந்தது.

மனைவி மேலே போய்ச் சொல்ல, அடுத்த ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்து, யாரையும் பாராமல் ஏறி இருந்தார். நான் பின்சக்கரத்தடியில் ஒரு போத்தலோடு படுத்தேன். மனைவி நடுவில் நின்றாள்.

"மிதிக்கச் சொல்லு."

"அண்ணை, மிதிக்கட்டாம்."

மிதித்தார். நட்டைத் திறந்தேன். பிரேக் அடிவரை இறங்கியது.

"இன்னும் விடவேண்டாம் எண்டு சொல்லு."

"அண்ணை, விடவேண்டாமாம்."

அது அவர் காதுக்குப் போய்ச் சேரமுன் காலை எடுத்துவிட்டார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. திரும்பவும் மிதித்தார். திரும்பவும் பிந்தியது. பக்கத்தில் கிடக்கிற மனிதனின் குரல் அவருக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்கும். ஆனால் தங்கச்சியின் வாயால் வந்தால்தான் அவருக்கு அது சொல். நானும் குரலைக் கொஞ்சம் கூட்டவில்லை. எண்ணெய் முழங்கையால் வழிந்தது. போத்தலில் குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது.

மனைவி நெடுநேரம் சொன்னாள். மிதிக்கட்டாம், விடட்டாம், விடவேண்டாமாம், ஏன் விட்டவராம். குரல் தேய்ந்துகொண்டு போனது. பிறகு திடீரென்று நின்றது.

"எனக்கு இனி ஏலாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அந்த நேரம் அவர் மிதித்துப் பிடித்தபடி இருந்தார், நான் நட்டைத் திறந்து பூட்டியிருந்தேன். பூட்டியது அவருக்குத் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். நான் சொல்லவில்லை. இன்னும் உடம்பு பூட்டாத சட்டத்தின் இடைவெளியால் அவருடைய கால் தெரிந்தது. கிழமை முழுக்க சோபா சுமக்கிற கால், நடுங்கத் தொடங்கியது. காலை எடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். எடுக்கவில்லை. 

"பூட்டியாச்சோ?" என்றார்.

"ஓம். விடுங்கோ."

கால் மேலே வந்தது.  பிறகு நான் "மிதியுங்கோ" என்றேன். மிதித்தார். "பிடியுங்கோ." பிடித்தார். நாலு சக்கரமும் சுற்றி வந்தோம். அந்த மூன்று சொல்லைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. கடைசிச் சக்கரத்தில் தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தது. பிரேக் கல்லுப்போல நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது மனைவி திரும்பி வந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. மச்சான் அவள் பக்கம் திரும்பினார்.

"பிரேக் சரியெண்டு உன்ர மனுசனிட்டைச் சொல்லு."

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, பழக்கம் விடவில்லை, என் பக்கம் திரும்பி "பிரேக்…" என்று தொடங்கினாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.  எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கேட்டது மச்சான்" என்றேன். "எனக்குக் கேட்டது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கண்ணுக்குக் கீழே நன்றாகக் கறுத்துப்போயிருந்தது. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"நாளைக்கு லீவு போட்டிட்டு நானே இறக்கிறன்" என்றார். "உமக்குக் கால் எட்டாது."

"ஓம், எட்டாது. நான் வீதியிலை நிண்டு வாகனம் பாக்கிறன்."

மனைவி அங்கே கிடந்த பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப கதைக்கிறியள், என்ன?" என்றாள். "வீட்டையும் வித்துப்போட்டு."

மச்சான் நிலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.