இடதுகால் பூட்ஸும் ஒரு டிக்கெட்டும்

போலீஸ் வண்டியின் சிவப்பு நீல விளக்கு பின்கண்ணாடியில் சுழன்றபோது நெல்டா க்ரெனெக்குக்கு முதலில் தோன்றியது, "அதுக்குள்ளயா கண்டுபிடிச்சிட்டாங்க?" என்பதுதான்.

ஏனென்றால் அந்த 'டம்' சத்தம் கேட்டு இரண்டு மைல்கூட ஆகியிருக்கவில்லை.

வேலை முடிந்து தன் பிக்அப்பில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெயில் இறங்கி, பருத்திக்காடு முழுக்கச் செந்நிறப் புழுதியாகத் தெரிகிற நேரம். வலப்பக்கம் டம்மென்று ஒரு சத்தம். பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி ஒயரில் தொங்கியது. ஏதோ ஒன்று கறுப்பாகப் பறந்து பின்னால் போனது. நின்றிருக்க வேண்டும். நெல்டாவின் காலோ பிரேக்குக்குப் போகாமல் மற்றதை மிதித்தது. ஏன் என்று பிற்பாடு எத்தனையோ முறை அந்தக் காலையே கேட்டுப் பார்த்தாள். அது வாய் திறக்கவில்லை.

போலீஸ்காரன் ஜன்னலோரம் வந்து தொப்பியைத் தொட்டான்.

"வணக்கம் மேடம். எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுதா?"

நெல்டா பின்கண்ணாடியில் வந்த வழியைப் பார்த்தாள்.

"அறுபதுல போக வேண்டிய ரோட்டுல எழுபத்தெட்டுல போறீங்க."

"வேகமா?" என்றாள், ஏதோ பரிசு விழுந்தவளைப் போல. "ஆமாங்க, வேகந்தான். வேகமேதான்."

அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். "கண்ணாடி என்னாச்சு?"

"அது ரொம்ப நாளா அப்படித்தாங்க."

உடைந்த சில்லு புத்தம்புதிதாகப் பளபளத்தது. அவன் அபராத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "பார்த்துப் போங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடியைப் பற்றிச் சொன்னது, நெல்டா தன் வாழ்நாளில் போலீசிடம் சொன்ன முதல் பொய்.

வீட்டு வாசலில் இறங்கிப் பிக்அப்பின் பின்தொட்டியைப் பார்த்தாள். மாட்டுத்தீவன மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு பூட்ஸ். ஆண்பிள்ளையின் பூட்ஸ். இடதுகால்.

ஹாஸ்கெட் ஊரில் நெல்டாவைத் தெரியாதவர் இல்லை. முன்பு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். புருஷன் போன பிறகு டயாலிசிஸ் வேன். விடியுமுன்னே எழுந்து, பண்ணை பண்ணையாகப் போய், சிறுநீரகம் கெட்டவர்களை ஏற்றிக்கொண்டு லப்பக் ஆஸ்பத்திரியில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வாசலில் விட வேண்டும். எவருக்கு எந்தப் பாட்டு ரேடியோ பிடிக்கும், எவர் முன்சீட்டுக்குச் சண்டை போடுவார், எவர் வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த ரோடு அவ்வளவு நேர். இந்த முனையில் ஒருவர் தும்மினால், அந்த முனையிலிருப்பவர் சாவகாசமாகத் தொப்பியைக் கழற்றி ஆசீர்வாதம் சொல்ல நேரம் இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவாள், அவர்களும் தூக்குவார்கள். அதுதான் அங்கே வணக்கம். விரல் தூக்காமல் போகிறவன் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் கடன்காரன்.

பூட்ஸைப் பார்த்ததும் நெல்டாவுக்கு வேலிக்கம்பம் நினைவுக்கு வராமலில்லை. தேய்ந்துபோன பூட்ஸைக் கம்பத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வழக்கம். அந்த ரோடு நெடுக அப்படிக் கவிழ்ந்த பூட்ஸ் எத்தனையோ. அந்த நினைப்பில் ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சிலேயே அது செத்துப்போனது. ரோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது, புல்தரை இருக்கிறது. வேலியைத் தொட வேண்டுமானால் ரோட்டை விட்டே இறங்கியிருக்க வேண்டும். அவள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் தெரியாதா என்ன? ஆகவே ரோட்டோரமாக எவனோ நின்றிருக்கிறான். அவன் காலில் இருந்திருக்கிறது இது.

பூட்ஸை ஒரு பையில் சுற்றி, ஃப்ரீசரில் வெண்டைக்காய்ப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தாள். குப்பையில் போட்டால் நாய் இழுத்துவரும். எரித்தால் தோல்நாற்றம் பக்கத்துப் பண்ணை வரை போகும். ஃப்ரீசரில் இருந்தால் எவருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வெண்டைக்காய் வறுக்கவில்லை.

மறுநாள் முதல் வேனைக்கூட அந்த ரோட்டில் விடவில்லை. மண்பாதையில் சுற்றிக்கொண்டு போனாள். பின்சீட்டுக் கிழவர்கள் குலுங்கிக் குலுங்கிப் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா நெல்டா, எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறியா, மாவு மில்லுக்கா?"

"அந்த ரோட்டுல வேலை நடக்குது மாமா." இரண்டாவது பொய்.

ரேடியோவில் செய்தி நேரம் வந்தால் அவள் சத்தத்தைக் கூட்டுவாள். அந்த ரோட்டைப் பற்றிச் செய்தியில் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் பள்ளத்துப் புல்லில் ஒருத்தன் கிடக்கிறான். ஒரு காலில் பூட்ஸோடு.

அந்த வாரக் கடைசியில் முன்சீட்டுக் கிழவி சும்மா இராமல் சொன்னாள்: "டாயில் டீக்கைப் பாத்தியா? கேட்டுல தபால் குவிஞ்சு கிடக்காம். மனுஷன் தினமும் பொழுதிறங்க ரோட்டோரமா வேலியைப் பாத்துட்டு நடப்பாரே, ஆளையே காணோமாம்."

வேன் ஒரு பக்கமாக இழுத்தது. நெல்டா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். டாயில் டீக். எதிரே வந்தால் ஒரு விரலுக்கு இரண்டு விரலாகத் தூக்குகிற மனுஷன்.

வேன் கம்பெனியை நடத்துகிறவள் ரேலின். நெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அதனால் மரியாதை கொடுக்கிற பழக்கம் இல்லை. டிக்கெட் வாங்கிய செய்தி அவள் காதுக்குப் போய்விட்டது.

"ஏன்டி, உனக்கு என்ன பதினெட்டு வயசா, எழுபத்தெட்டுல பறக்க? இது ரெக்கார்டுல ஏறினா இன்சூரன்ஸ்காரன் உன்னை வேன்ல இருந்து இறக்கிடுவான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஜட்ஜ்கிட்ட எழுதிக் கொடுத்துட்டு, சனிக்கிழமை போய் அந்தப் பாதுகாப்பு டிரைவிங் வகுப்புல உக்காரு. ஆறு மணிநேரம். சர்ட்டிபிகேட்டைக் கோர்ட்டுல கொடுத்தா டிக்கெட்டே இல்லேன்னு ஆக்கிடுவாங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா இல்லதான். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லாத மாதிரி. என்ன அப்படிப் பாக்கிற? மூஞ்சி ஏன் மோர் மாதிரி இருக்கு?"

நடக்கவே இல்லாத மாதிரி. நெல்டா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சாயங்காலம், அந்த ரோட்டில், அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்திலிருக்கிற ஒரே சாட்சி அந்த டிக்கெட். அதை அழித்துவிட்டால்? அப்படி நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே ஒரு பயம் வந்தது. இப்படி நினைக்கிறவள் எப்படிப்பட்டவள்?

வகுப்பு ஊர்க்கோடியில் கெளுத்தி மீன் வறுத்துப் போடுகிற ஓட்டலின் பின்னறையில் நடந்தது. சொல்லிக்கொடுக்கிற லமார் குவிசன்பெரி ஒரு காலத்தில் மேடையேறி ஜோக்கடித்துப் பிழைத்தவன். அந்த ஜோக்குகளைக் கேட்டுச் சிரிக்காமல் எழுந்து போய்விட்டவர்களை, இப்போது சட்டப்படி ஆறு மணிநேரம் உட்கார வைத்துப் பழிவாங்குகிறான் என்று ஊரில் பேச்சு. வகுப்பில் ஏழெட்டுப் பேர். எல்லார் முன்னாலும் வாளி மாதிரி டம்ளரில் இனிப்பு ஐஸ் டீ.

"ஒவ்வொருத்தரா எழுந்து உங்க பாவத்தைச் சொல்லுங்க" என்றான் லமார். "பாதிரியார் மன்னிப்பாரு. நான் சர்ட்டிபிகேட் கொடுப்பேன்."

ஸ்டாப் பலகையில் நிற்காதவன் சொன்னான். டிராக்டரைக் கோபத்தில் முந்தியவள் சொன்னாள். நெல்டாவின் முறை வந்தது.

"வேகம்" என்றாள். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? எதைப் பாத்து ஓடினீங்க அம்மணி? கொலைகிலை ஏதும்?"

அறை சிரித்தது. நெல்டாவின் டம்ளர் சாய்ந்து டீ முழுக்க மடியில் ஓடியது. பக்கத்திலிருந்தவர்கள் துடைக்கத் துணி கொடுத்தார்கள். லமாருக்கு மகிழ்ச்சி, வருஷக்கணக்கில் அவன் ஜோக் எதுவும் அந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

பிறகு நசுங்கிய வண்டிகளின் படம் காட்டினான். நெல்டா ஒவ்வொன்றிலும் புல்லுக்குள் ஒரு காலைத் தேடினாள். அதற்கப்புறம் தூக்கத்தைப் பற்றிப் பேசினான். கண் திறந்திருக்கும், மூளை மட்டும் இரண்டு மூன்று வினாடி அணைந்துவிடும். விழிக்கிறவனுக்குத் தான் தூங்கினதே தெரியாது. அதற்குள் வண்டி ஒரு கால்பந்து மைதானம் தாண்டியிருக்கும் என்றான்.

"நிஜத்தைச் சொல்லுங்க. இப்படித் தூங்கினவங்க கை தூக்குங்க."

நாலைந்து கைகள் வெட்கச் சிரிப்போடு எழுந்தன. நெல்டா தூக்கவில்லை. அவளுக்கு இருக்கிற கவலை போதாதா?

மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நெல்டா தட்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தாள். கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் பொதுவாக இரண்டு விரலைத் தூக்கினார்.

டாயில் டீக்.

நெல்டா முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். ஒரு பூட்ஸ். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூட்ஸ். இரண்டு காலிலும் இருந்தது. தட்டிலிருந்த மீன் துண்டுகள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுவதை அவள் கவனிக்கவே இல்லை.

"எங்க போயிட்டீங்க டாயில்? ஊரே தேடுது" என்றாள் பரிமாறுகிறவள்.

"மகன் வீட்டுல இருந்தேம்மா. குடலிறக்கம். அறுத்துத் தைச்சாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா எவனோ என் மூலைக்கம்பத்தை ஒடிச்சுப் போட்டிருக்கான். அதுல இருந்தது என் தம்பியோட பூட்ஸ். அவனைப் புதைச்ச அன்னைக்கு நானே என் கையால கவுத்து வெச்சது. பக்கத்துக் கம்பத்துல வலதுகால் அப்படியே இருக்கு. ஒடிஞ்சதுல இருந்த இடதுகாலைக் காணோம்."

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. செத்துப்போனவனின் பூட்ஸ்! ஏற்கெனவே, முறைப்படி, பாதிரியாரை வைத்துப் புதைத்தவனின் பூட்ஸ்! அங்கேயே டாயிலைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடியிருப்பாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"குடிகாரப் பயலோன்னு பாத்தேன். குடிச்சவன் வளைஞ்சு வளைஞ்சு போவான். இது நேரா போயிருக்கு. ரோட்டை விட்டு இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, புல்லுல நேர்கோடா டயர் தடம். பிரேக் போட்ட அடையாளமே இல்ல. அதே மாதிரி திரும்ப ரோடேறியிருக்கான். தூங்கிட்டே போயிருக்கான் பாவி. சனியன் பிடிச்சவன் எவனோ, ஒரு நாள் யாரையாவது கொல்லப்போறான்."

நெல்டா தட்டைக் கீழே வைத்தாள்.

யோசித்துப் பார்த்தாள். பருத்திக்காட்டுப் புழுதி நினைவிருந்தது. டம் சத்தம் நினைவிருந்தது. நடுவில்? பள்ளத்தில் இறங்கின குலுக்கல்? புல்? ஒன்றுமில்லை. அங்கே வெறும் இருட்டுகூட இல்லை. தைத்து மூடின மாதிரி ஒன்றுமே இல்லை. எத்தனை நாளாக இப்படி? வேனில்? பின்சீட்டில் அத்தனை பேர் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு அவளை நம்பி உட்கார்ந்திருக்கும்போது?

இத்தனை நாளும் ஒரு பிணத்துக்குப் பயந்தாள். பிணம் இரண்டு பூட்ஸ் போட்டுக்கொண்டு பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பைக் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போது அவள் பயப்பட வேண்டிய ஆள் அவள் தோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மதிய வகுப்பு தொடங்கியதும் நெல்டா கையைத் தூக்கினாள்.

"பாத்ரூமா அம்மணி?"

"காலையில கேட்டீங்களே. தூங்கினவங்க கை தூக்கச் சொல்லி. இப்பத் தூக்குறேன்."

லமார் ஏதோ ஜோக்கடிக்க வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அந்த அறையில் அவன் விட்டுக்கொடுத்த ஒரே ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் சர்ட்டிபிகேட் கையில் வந்தது. வீட்டுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பிறகு ரேலினைக் கூப்பிட்டாள்.

"திங்கட்கிழமை வேற ஆளை அனுப்பு. நான் முதல்ல டாக்டரைப் பாக்கணும்."

"பைத்தியமாடி உனக்கு? டிக்கெட்தான் ஒழிஞ்சுதே!"

"டிக்கெட் ஒழிஞ்சுது. நான் ஒழியலையே." என்ன நடந்தது என்று முழுக்கச் சொன்னாள்.

"வேன் திரும்பக் கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுடி" என்றாள் ரேலின் கடைசியில், தணிந்த குரலில்.

"தெரியும்."

டாயில் பண்ணைக்கு ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு, வாய்விட்டு ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே இருபது மைல் வேகத்தில் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கேட்டில் பூட்ஸை நீட்டியபோது டாயில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். தூங்கிட்டே வந்திருக்கேன். தெரியாம."

அவர் திட்டுவதற்கு மூச்சை இழுத்தார். பூட்ஸை மாற்றி மாற்றிப் பிடித்தார். "இது ஏம்மா இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?"

"ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன். உங்க காலுன்னு நெனச்சேன்."

டாயில் தைத்த வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, தையல் பிரிஞ்சா நீதான் பொறுப்பு!" நெல்டா சிரிக்கவில்லை. ஒடிந்த கம்பத்தின் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்தாள். புல், பள்ளம், மறுபடி புல், அதற்கப்பால் வெள்ளைக்கோடு. அவ்வளவு தூரம். டயர் தடத்தில் புல் இன்னும் மடங்கிக் கிடந்தது, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. ஒரு ஆஸ்பத்திரி வேன் அந்தப் பக்கம் போயிற்று. ஓட்டுகிறவன் விரலைத் தூக்கினான். அவள் கை எழவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பருத்திக்காடு செந்நிறமாகத் தொடங்கியது. நெல்டா பிக்அப் சாவியை டாயிலிடம் நீட்டினாள்.

"என்னை வீட்டுல விட்டுடறீங்களா?"

"தையல் ஆறுற வரைக்கும் ஓட்டக் கூடாதுன்னாரு என் டாக்டர். பரவால்ல, மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"மெதுவாவே போங்க. பேசிக்கிட்டே வாங்க. நான் பதில் சொல்லலேன்னா சத்தம் போட்டுக் கேளுங்க."