ஊசி படாத கட்டம்

பர்மாவில், லைங் தாயா தொழிற்பேட்டையில், ஏற்றுமதிக்கு உடை தைக்கும் ஒரு தொழிற்சாலையின் மாடியில் பிரேம்நாத்துக்கு ஒரு மேசை உண்டு. தன்லியினுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு தமிழ்க் கிராமத்திலிருந்து பட்டம் வாங்கி வந்த முதல் ஆள் அவன். கீழே தையல் வரிசையில் இருக்கும் பர்மியப் பெண்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் அவனை 'சயா' என்பார்கள். அதே வரிசையில் மெஷின் ஓட்டும் அவன் அத்தை காளியம்மாவுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். "எங்க சயா சட்டைப் பொத்தானை இன்னும் மாத்தித்தான் போடுறாரு!"

அவனுக்குக் கட்டம் பார்க்கிற வேலை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு டார்டன் என்கிற ஸ்காட்லாந்துக் கட்டத்துணி மேல் அப்படியொரு மோகம். எந்தக் கட்டம் யாருடையது, எங்கே பிறந்தது என்று ஆராய்ந்து சொல்ல ஆள் வேண்டுமென்றதும், படித்த பிள்ளை என்று இவன் தலையில் கட்டினார்கள். இவனும் விடாப்பிடியாகப் படித்தான். எந்த நிறம், அதில் எத்தனை இழை, அடுத்தது என்ன, எந்த இழையில் கட்டம் திரும்பி வந்த வழியே போகிறது என்கிற கணக்குதான் ஒரு டார்டனின் ஜாதகம். அது பிசகாவிட்டால் எந்தத் தறியில் நெய்தாலும் அதே துணிதான். ஆதிகாலம் தொட்டே இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்று பலரும் நம்புவதில் பெரும்பகுதி பிற்காலத்துக் கதை. முன்பெல்லாம் அந்தந்த வட்டாரத்தில் கிடைத்த சாயமும் நெசவாளியின் விருப்பமும்தான் கட்டத்தை முடிவு செய்தன. இருநூறு வருஷத்துக்கு முன்னால் துணி வியாபாரிகள்தான் பலதுக்கும் குலப்பெயரை ஒட்டி விற்றார்கள். இதைப் படித்தபோது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆனாலும் சில கட்டங்களை எடுக்கக் குலத்தலைவரின் சம்மதம் வேண்டும் என்று ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் போட்டிருக்கும். அப்படி இருந்தால் பணிவாக எழுதிக் கேட்பான். பதில் வரும்வரை ஒரு கஜம் நெய்ய விடமாட்டான்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாபாரி, நாய்களுக்குப் போடும் குளிர்ச்சட்டைக்கு டார்டன் மாதிரி ஒரு கட்டம் கேட்டார். புதிதாக இருக்க வேண்டும், யாரும் உரிமை கொண்டாடி வரக்கூடாது. பிரேம்நாத் எதை வரைந்து அனுப்பினாலும் ஏதோ ஒரு குலத்தின் கட்டத்தோடு போய் இடித்தது. மேனேஜர் முகம் சுளிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவனுக்கு அம்மன் கட்டம் நினைவுக்கு வந்தது.

அவன் ஊரில் தீ மிதிக்க நேர்ந்துகொண்ட பெண்கள் காப்புக் கட்டியதும் உடுத்துகிற சேலை அது. மஞ்சளில் அரக்கும் கரும்பச்சையும் ஓடும். அதற்கு ஒரே ஒரு விதி. அதன் மேல் ஊசி படக்கூடாது. ஓரம் அடிப்பதில்லை, கிழிந்தால் தைப்பதில்லை. முனையைக் கையால் முடிச்சுப் போடுவதோடு சரி. அதில் ஊசி குத்தினால் ஆத்தா மேனியில் குத்தியதாக அர்த்தம்.

ஊருக்குப் போனபோது அத்தையின் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. லென்ஸை வைத்து இழை எண்ணினான்.

"என்னடா அப்படிப் பாக்குற?"

"சும்மாதான் அத்தை. கட்டம் நல்லாருக்கு."

"படிச்சவன் கண்ணுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றவள், காற்றில் ஆடாமல் இருக்க முந்தானையை அவனுக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பதிவேட்டில் தேடினான். இல்லை. அந்தக் கட்டத்தை வரைந்து, 'இது யாருக்கும் சொந்தமில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

துணி நெய்து வந்தது. வெட்டிய துண்டுகள் அத்தை இருந்த வரிசைக்குத்தான் போயின. சூப்பர்வைசர் பெண் மாடியேறி வந்தாள். "சயா, உங்க அத்தை கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தைக்கலேன்னா வேலையை விட்டு அனுப்பச் சொல்றாரு மேனேஜர்."

இறங்கிப் போனான். காளியம்மா துண்டுகளைத் தொடாமல், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"பிரேமு, இது நம்ம ஆத்தா சேலைடா."

உண்மையைச் சொல்லிவிட அதுதான் நேரம். சுற்றிலும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தைக்கு வேலை போய்விடும், தனக்கும் போய்விடும். "இல்ல அத்தை. இது ஸ்காட்லாந்துக் கட்டம். அங்க ஒரு குலத்தோடது. பாக்க ஒண்ணுபோல இருக்கு, அவ்ளோதான்."

"நெஜமாவா?"

"நான் இதைத்தானே படிக்கிறேன்."

காளியம்மா பெருமூச்சு விட்டாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்துபோனது. "அப்ப அந்த ஊர்லயும் ஆத்தா இருக்கா போல! பாத்தியா அவ வேலையை!" பக்கத்துப் பெண்ணிடம் அதையே பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஊசியை இறக்கினாள்.

அதன் பிறகு பிரேம்நாத் தையல் வரிசைப் பக்கமே போவதில்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் ஃபெரி பஸ்ஸில் அவள் இடம் பிடித்து வைத்தாலும் பார்க்காதவன்போல் பின்னால் போய் நின்றுகொள்வான்.

பங்குனியில் தீமிதித் திருவிழா வந்தது. நேர்ந்துகொண்ட பெண்கள் கட்டச்சேலையில் வரிசை கட்டி நிற்க, காளியம்மா மட்டும் வெறும் மஞ்சள் சேலையில் வந்தாள்.

"என்னடி காளி, சேலை பழசாப் போச்சா? இல்ல, பாக்டரிக்காரிக்குப் பிடிக்கலையா?" என்று வரிசையில் நின்ற கனகாம்பாள் சீண்டினாள்.

காளியம்மா நேராகப் பூசாரி இராமையாவிடம் போனாள். "நான் இந்த வருசம் எறங்கலே சாமி. இந்தக் கட்டத்துல எங்க பாக்டரியில நாய்க்குச் சட்டை தைக்கிறாங்க. தச்சவ நான். துண்டை எடுத்தாந்து என் சேலை மேல வச்சுப் பாத்தேன். ஒரு இழை மாறலே."

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "நாய்க்கா?" என்றாள் கனகாம்பாள். "அறிவில்லையாடி உனக்கு? நம்ம கட்டம் அங்க எப்படிப் போச்சு?"

"தெரியலே."

பிரேம்நாத் நின்ற பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. தான் செய்தது அவளுக்குத் தெரியும் என்பது அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. தைத்ததும் இவளே, கொடுத்ததும் இவளே என்று ஊர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றாள். ஆளாளுக்கு ஏச ஆரம்பித்தார்கள். கை கூசலையா என்றார்கள், ஆத்தாளை விற்றுத் தின்றவள் என்றார்கள். தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

இராமையா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "போனது போயிருச்சு. நாய் போட்டதை இனி ஆத்தா உடுத்த மாட்டா. புதுசா ஒரு கட்டம் வேணும்." கூட்டத்தில் தேடினார். "பிரேமு! எங்கப்பா ஒளிஞ்சு நிக்கிற? வெள்ளைக்காரன் கட்டமே உனக்கு அத்துப்படியாமே. நம்ம ஆத்தாவுக்கு ஒண்ணு போட்டுக் குடு. ஊர்ல படிச்ச புள்ளைன்னு நீ ஒருத்தன்தானே இருக்க!"

யாரோ அவனை முன்னால் தள்ளிவிட்டார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள். இவ்வளவு பெரிய மரியாதையை அவனுக்கு அந்த ஊர் இதுவரை செய்ததில்லை. காளியம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். 'பேசாமல் இரு' என்பதற்கு அடையாளமாக லேசாகத் தலையசைத்தாள்.

"நான் போடக்கூடாது சாமி" என்றான் பிரேம்நாத்.

"ஏம்ப்பா?"

"இதை எடுத்துக் குடுத்தது நான். அத்தை கேட்டப்பவும் இது நம்ம சேலை இல்லேன்னு பொய் சொன்னேன். அதை நம்பித்தான் தச்சாங்க."

கைதட்டல் நின்றது. ஒருவரும் அவனை ஏசவில்லை. ஏசினால் தேவலை என்றிருந்தது. தள்ளிவிட்டவர்கள் மெல்ல விலகிக்கொள்ள, குழியில் கங்கு கனன்ற வெக்கை அவன் முகத்தில் அடித்தது. கனகாம்பாள் காளியம்மாவின் கையைப் பிடித்துப் பெண்கள் வரிசைக்கு இழுத்தாள். அவள் போகவில்லை. அவன் பக்கமும் வரவில்லை. நடுவிலேயே நின்று, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.